கொசுவின் மீது விழுந்த பழி



மரபணு ஆய்வு, தடயவியல், நோய்க் கண்காணிப்பு என்று இன்றைய அங்கத்துக்குப் பெரிய பெரிய தலைப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றாக விளக்கப் புகுந்தால் பள்ளிப் பாடமாகிவிடும். அதைவிட, இந்த மண்ணிலேயே நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவது நல்லது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு அது நன்றாகவே நினைவிருக்கும். இளையோர் வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1998 செப்டம்பர் மாத இறுதி. பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். கடும் தலைவலி, மயக்கம், வலிப்பு, பிறகு சுயநினைவு இழப்பு. மருத்துவமனைக்குப் போன சிலர் சில நாள்களிலேயே இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்பது தெளிவாகத் தெரிந்தது. பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இருக்கிறது. அப்படியானால் அது ஜே.இ. எனப்படும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவு கட்டப்பட்டது. சில நோயாளிகளின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்புப் பொருள் தென்பட்டதும் அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது.

பண்ணைகளில் கொசுப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். மரணம் நிற்கவில்லை. இதற்கிடையே, பயந்துபோன பண்ணைக்காரர்கள் கிடைத்த விலைக்குப் பன்றிகளை விற்றார்கள். லாரிகளில் ஏறிய அந்தப் பன்றிகளோடு நோயும் தெற்கே பயணம் செய்தது. முதலில் நெகிரி செம்பிலானில் சிக்காமாட். பிறகு சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக். புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் அன்றைக்குப் பன்றி வளர்ப்புக்குப் பேர்போன இடம். 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே வீடு வீடாக ஆள் விழுந்தார்கள்.

கண் எதிரே கிடந்த தடயங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களுக்கும் நோய் வந்தது. ஜே.இ. கிருமி வளர்ந்த பன்றியைப் பெரிதாகப் படுக்க வைக்காது. இங்கே பன்றிகளே உரக்கக் குரைப்பதுபோல் இருமிக்கொண்டு சுருண்டு விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே வட்டாரத்தில் குடியிருந்த, பன்றியைத் தொடாத மலாய்க் குடும்பங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொசு சமயம் பார்த்துக் கடிப்பதில்லையே! பண்ணை மக்கள் பலர் இதைத் தொடக்கத்திலேயே சொன்னார்கள். ஆனால், பன்றிக்குத் தீனி போடுகிறவர் பேச்சு அலுவலகம் வரை போய்ச் சேரக் காலமாகிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிருமியியல் துறையில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மாதிரியை ஆய்வுக்கூடச் செல்களில் வளர்த்தார். சில நாள்களில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பெரிய திட்டுகளாயின. ஜே.இ. கிருமி அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை. 1999 மார்ச்சில் அவரே அந்த மாதிரியைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் கிருமிகளோடு சேர்ந்த குடும்பம் என்று தெரிந்தது. மேலும் சோதித்ததில், 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதர்களையும் கொன்ற ஹெண்ட்ரா என்ற கிருமிக்கு அது நெருங்கிய உறவு என்பது உறுதியானது. அதுவரை உலகம் அறியாத புதிய கிருமி. கிராமத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது: நிப்பா.

பெயர் தெரிந்த பிறகு எல்லாம் மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைப் பார்த்தார்கள். இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. மே மாதத்துக்குள் நோய் அடங்கியது. ஆனால், அதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்; பண்ணைகளில் கூலி வேலை செய்த இந்தியர்களும் இருந்தனர். சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த கூடங்களில் வேலை செய்த 11 பேருக்கு நோய் கண்டு, ஒருவர் உயிரிழந்தார். பிழைத்தவர்களில் சிலருக்குப் பல மாதங்கள், ஏன், பல ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது. புள்ளிவிவரத்தில் குணமானவர் என்று எழுதப்பட்ட அவர்களைப் பற்றிச் செய்திகளில் அதிகம் வந்ததில்லை.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலிருந்து இதே கிருமியை டாக்டர் சுவாவின் குழு பின்னர் பிரித்தெடுத்தது. பண்ணைக் கொட்டகைகளை ஒட்டியே பழமரங்கள் நட்டிருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்தது, பன்றி தின்றது. இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எழுத்துப் பிழை சொன்ன சாட்சி

இப்போது மரபணுவுக்கு வருவோம். மலேசியாவில் கண்ட நிப்பா கிருமியின் மரபுக் குறிப்பு முழுவதும் 18,246 எழுத்துகள். வங்காளதேசத்தில் பிறகு கண்ட வகைக்கு 18,252. இரண்டையும் ஆறால் வகுத்துப் பாருங்கள், மீதமே வராது. இந்தக் கிருமியின் புரத உறை ஆறு ஆறு எழுத்தாகத்தான் மரபுக் குறிப்பைப் பொதிகிறது. இயற்கைக்கு இப்படியும் ஒரு கணக்கு!

எழுத்துகளைப் படித்துவிட்டால் மட்டும் போதாது. வேறொன்றோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும். உலகின் ஆய்வுக்கூடங்கள் தாங்கள் படித்ததைப் பொதுக் களஞ்சியங்களில் சேர்க்கின்றன. புதிதாக ஒன்று கிடைத்தால் கணினி அதைப் பழையவற்றோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்கிறது. உயிர்த்தகவலியல் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதன் அடிப்படை இதுதான்.

2003 சார்ஸ் காலத்தில் சிங்கப்பூர் இதைக் கண்கூடாகக் கண்டது. அங்கே 238 பேருக்கு நோய் வந்து 33 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர் மரபணுக் கழகம் ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளின் எழுத்துகளை முழுமையாகப் படித்து, மற்ற நாடுகளின் ஒன்பதோடு ஒப்பிட்டது. கிருமி பெருகும்போது, ஏட்டைப் படியெடுப்பவர் கைதவறுவதுபோல், அங்குமிங்கும் ஓர் எழுத்து மாறும். ஒருவர் செய்த பிழை அவரைப் பார்த்து எழுதியவரின் ஏட்டிலும் இருக்கும் அல்லவா? அப்படித்தான், ஹாங்காங்கின் ஒரு ஹோட்டலில் தங்கியவர்கள் வழியாகப் பரவிய கிருமிகளில் ஒரே விதமான மாற்றங்கள் இருந்தன. நோயாளிகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பயண வரலாற்றை அந்த எழுத்துப் பிழைகளும் உறுதி செய்தன.

யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்பது காவல் துறையின் கேள்வி மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். உண்மையில் அதே கேள்விதான். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984 செப்டம்பரில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகையைக் கண்டுபிடித்தார். அதற்குச் சில மைல் தூரத்தில் 1983இலும் 1986இலும் இரண்டு பள்ளி மாணவிகள் கொலை செய்யப்பட்டிருந்தனர். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். காவல் துறை முதல் கொலையையும் அவன் மேல் நிறுவ நினைத்து ஜெஃப்ரிஸை நாடியது. முடிவு என்ன? இரண்டையும் செய்தவன் ஒரே ஆள். ஆனால் அந்த இளைஞன் இல்லை! மரபணு ரேகை குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் முன்பு ஒரு நிரபராதியைத்தான் விடுவித்தது. அடுத்து ஏறக்குறைய 5,000 ஆண்களின் இரத்தம் எடுக்கப்பட்டது. உண்மையான கொலைகாரன் தனக்குப் பதிலாக வேலையிடத்து நண்பனை அனுப்பி இரத்தம் கொடுக்க வைத்தான். அந்தப் பேச்சு வெளியே கசிந்துதான் 1987இல் அவன் பிடிபட்டான்.

நெகிரி செம்பிலானில் கொசு, லெஸ்டரில் ஓர் இளைஞன். இரண்டு இடத்திலும் எல்லாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்த ஆள் தவறான ஆள்.

யார் கையில் யார் விவரம்?

மலேசியாவில் 2009ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டத்தின்கீழ் காவல் துறையில் தடயவியல் மரபணுத் தரவு வங்கி அமைந்தது. குற்றம் நடந்த இடத்து மாதிரிகள், சந்தேக நபர்கள், தண்டனை பெற்றவர்கள், காணாமற்போனவர்கள் என்று அதில் பல பிரிவுகள் உண்டு. தடயவியலில் வழக்கமாகப் பார்ப்பது மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் சில சிறு துண்டுகளின் எண்ணிக்கையை மட்டுமே. ஆளை அடையாளம் காட்ட அது போதும். அவருக்கு என்ன நோய் வரும் என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை எனலாம். மருத்துவமனையில் படிக்கும் மரபணு அப்படியல்ல. அது உங்கள் உடம்பைப் பற்றியும் பேசும், உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் பேசும். இந்த இரண்டு பெட்டிகளும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

வேண்டாத கவலை என்று இதைத் தள்ள முடியாது. கோவிட் காலத்தில் சிங்கப்பூர் மக்கள் நோய்த்தொடர்பு கண்டறிய டிரேஸ்டுகெதர் செயலியைப் பயன்படுத்தினார்கள். நோய்க்கு மட்டும் என்று நம்பித்தான் பெரும்பாலோர் சேர்ந்தார்கள். குற்றவியல் விசாரணைக்கும் காவல் துறை அதைக் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது பலருக்கு மனத்தாங்கல். மறுமாதமே சட்டம் திருத்தப்பட்டு, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டப்பட்டது. திருத்தியது பாராட்டத்தக்கது. ஆனால், முதலிலேயே சொல்லியிருக்கலாம். நோய்க் கண்காணிப்பு மக்கள் மனம் திறந்து சொல்லும் தகவலில் ஓடுகிறது. சந்தேகம் வந்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். லெஸ்டரில் ஒருவன் ஆள்மாறாட்டம் செய்தது குற்றத்தை மறைக்க. காய்ச்சல் வந்தவர் பயந்துகொண்டு பொய் சொன்னால் அவர் குற்றவாளியல்ல. ஆனாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா மீண்டும் தலைகாட்டியது. ஒரே குடும்பத்தில் ஒருவர் இறந்து, அவருடைய சகோதரரும் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர்கள் அங்கேயே சந்தேகப்பட்டு மாதிரிகளை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். சில நாள்களுக்குள் புனேயின் தேசிய ஆய்வுக்கூடமும் உறுதி செய்தது. மலேசியாவுக்கு ஆறு மாதம் பிடித்த விடை அங்கே அந்த வாரத்திலேயே கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பெயரிட்டு வைத்த ஒரு கிருமி களஞ்சியத்தில் இருந்ததே முக்கியக் காரணம். அப்படியும் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைப் பராமரித்த இளம் தாதி ஒருவரும் அவர்களில் அடக்கம்.

மலேசியாவில் 1999க்குப் பிறகு மனிதர்களிடையே நிப்பா பரவியதில்லை. வௌவால்கள் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. மனிதருக்கென உரிமம் பெற்ற தடுப்பூசி இதுவரை இல்லை. ஆகவே, காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும் நேயர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு மட்டும் திரும்பாதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தப் பிராணியோடு பழகினீர்கள், எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள், அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கு உடம்பு சரியில்லை என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆய்வுக்கென்று இரத்தம் கேட்டால், அது எங்கே போகும், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.