நோன்பும் நோயும்

(மகாவீர ஜயந்தி விழாவையொட்டிச் செஞ்சியில் நடைபெற்ற மகளிர் அரங்கில் மகளிர் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இவ்வூருக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் தொழுதிருப்பீர்கள். அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அம்மரபில் வந்த நம் பெண்கள் உடல் துன்பத்தைப் பொறுப்பதில் வல்லவர்கள். ஆனால், அறிந்து ஏற்பதே நோன்பு. அஞ்சி மறைப்பது நோன்பு ஆகாது. இதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஏழாண்டுகள் கழித்து உதிரம் பட்டது. தீட்டு என்றெண்ணி, ஜினாலயம் செல்வதை நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டோம், மூட்டுவலி என்றார். மருத்துவம் படித்த நானும் அதை நம்பினேன். ஓராண்டு சென்றபின், கறைபட்ட துணியைக் கண்ட மருமகள்தான் எனக்குச் சொன்னார். ஸ்கேன் எடுத்தபோது கருப்பையின் உட்சவ்வு 16 மி.மீ. தடித்திருந்தது. மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டவருக்கு அது 4 மி.மீ.க்கு மேல் இருந்தாலே திசுப் பரிசோதனை வேண்டும். தடிப்பெல்லாம் புற்றுநோய் அன்று. பெரியம்மாவுக்கோ அது புற்றுநோயாகவே இருந்தது. நோய் கருப்பையைத் தாண்டாதிருந்ததால் அறுவை சிகிச்சையில் பிழைத்தார். "உன்னிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று கூசினேன்" என்றார். அச்சொல் இன்றும் என்னை வருத்துகிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது ஒலியால் காண்பது. செவிக்கு எட்டாத ஒலியலைகள் உடலுள் சென்று எதிரொலித்துப் படமாகின்றன. வெட்டு இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. கொதிகலன் தொழிற்சாலையில் உலோக விரிசலைக் கண்டறிந்த கருவியை, 1955இல் கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டு பெண்களின் வயிற்றுக் கட்டிகளை ஆராயப் பயன்படுத்தினார். தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது சூலக நீர்க்கட்டியே என அது காட்டியது. கட்டியை அகற்ற, அவர் உயிர் பிழைத்தார். அந்த ஆய்வுகள் 1958இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, நீரும் அருந்தாத உபவாச நாளில் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பிறப்புறுப்பின் வழியே பார்க்கும் முறையில் சிறுநீர் கழித்துவிட்டே படுக்க வேண்டும். உட்சவ்வு அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். மணமாகாத பெண்களுக்குப் பெரும்பாலும் முதல் முறையே. பெண் ஒருவர் உடனிருக்க வேண்டுமென நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

நார்க்கட்டி, சூலக நீர்க்கட்டி, உட்சவ்வின் தடிப்பு ஆகியவற்றை ஸ்கேன் காட்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. "ஸ்கேன் நன்றாயிருக்கிறது" என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மறைப்பது ஒரு தீங்கென்றால், அவசரப்பட்டு அகற்றுவது மற்றொன்று. அறிக்கையில் 'கட்டி' என்ற சொல்லைக் கண்டதும் கருப்பையையே எடுத்துவிடத் துணிகிறோம். தொல்லை தராத நார்க்கட்டிகள் பலவற்றைக் கண்காணித்தாலே போதும். மாதவிலக்கு நின்றபின் அவை பெரும்பாலும் சுருங்கும். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பையை இழந்திருந்தனர். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளைச் செயற்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆகவே, கட்டியின் அளவென்ன, இடமென்ன, மருந்தால் தீருமா என்று கேளுங்கள். ஐயமிருந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டாம் கருத்துப் பெறுங்கள்.

எவ்வுயிர்க்கும் தீங்கு நினையாத நாம், நம் உடம்பில் உறையும் உயிருக்கும் அந்த அருளைக் காட்ட வேண்டாமா? இன்று கதிரவன் மறையுமுன் உணவருந்த அமரும்போது, உங்கள் அன்னையிடமும் மாமியாரிடமும் தனியே ஒரு சொல் கேளுங்கள்: "உங்களுக்கு உதிரம் ஏதும் படுகிறதா?" நான் ஓராண்டு கேட்கத் தவறிய கேள்வி அது.