துரையின் 'எவர்சில்வர்' துப்பாக்கி



சுங்கை பட்டாணியில் ஒரு திருமண விருந்தில் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பளபளவென்று சின்ன ரிவால்வர். "ஐயா, இது அவசரகாலத்தில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை வைத்திருந்ததாம். அசல் எவர்சில்வர், பாயிண்ட் 22 ரகம். ஒருவர் விலை சொல்கிறார், வாங்கலாமா?" என்றார். பால்வாளி, பால் வெட்டும் கத்தி, பழைய செக்ரோல் என்று சேர்த்து வைப்பவர் அவர். நல்ல பழக்கம்தான். ஆனாலும் "தொடாதீர்கள் தம்பி" என்றேன்.

முதலில் அந்தக் கதையே நிற்காது. நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகு, துப்பாக்கியைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹேரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய் அரித்துப் போகாமல் இருக்க ஓர் எஃகு தேடினார். கிடைத்தது துருப்பிடிக்காத எஃகு. ஆனால் அது போய்ச் சேர்ந்தது சாப்பாட்டு மேசைக் கத்திக்கு. பிறகு நம் வீட்டு டம்ளருக்கும் தூக்குச்சட்டிக்கும். ரிவால்வருக்கு அது வர 50 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1965ல் வெளியிட்ட மாடல் 60தான் இவ்வகையில் முதலாவது. அதுவும் பாயிண்ட் 38 ரகம்.

பாயிண்ட் 22 தோட்டா வேறு மாதிரி. அதைப் பற்ற வைக்கும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்பைச் சுற்றி இருக்கும். விளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கும். இந்த ஏற்பாடு பழையது. அதே நிறுவனம் 1857லேயே இப்படி ஒரு ரிவால்வர் செய்துவிட்டது. ஆனால் பாயிண்ட் 22 ரகத்தைத் துருப்பிடிக்காத எஃகில் மாடல் 63 என்று அது கொண்டுவந்தது 1977ல். அவசரகாலமோ 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31ல் முடிந்துவிட்டது. கணக்கு எங்கே ஒட்டுகிறது?

அந்தக் காலத்து ரிவால்வர் வெள்ளையாக மின்னினால் அது பெரும்பாலும் நிக்கல் முலாம். முலாம் உரிந்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கும். நம் அம்மாமார் எவர்சில்வருக்குக் காந்தம் வைத்துப் பார்ப்பார்களே, அது இங்கே உதவாது. துப்பாக்கிக்கான துருப்பிடிக்காத எஃகும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும்.

துரைமார் துப்பாக்கி வைத்திருந்தது மட்டும் உண்மை. 1948 ஜூன் 16ல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தோட்டத்துக்குத் தோட்டம் காவலும் ஆயுதமும் வந்தன. துரையின் இடுப்பில் அது பாதுகாப்பு. நம்மவர் கையில் இருந்தால் தூக்குக்கயிறு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4ல் புடு சிறையில் தூக்கிலிட்டது எதற்காக? ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக. போலீசில் ஒப்படைக்கவே அதைக் கொண்டு போனார் என்று அவருக்காகப் பேசியவர்கள் சொன்னார்கள். எடுபடவில்லை.

அவசரகாலச் சட்டம் போய்விட்டது என்று இன்றைக்கு அலட்சியமாக இருக்க முடியாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி சுடும் ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. "பழசு ஐயா, தாத்தா காலத்துப் பொருள்" என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. போலித் துப்பாக்கி வைத்திருந்தால்கூட வழக்கு வருகிறது.

பழைய பங்களாவை இடிக்கும்போதோ, பரணைச் சுத்தம் செய்யும்போதோ இப்படி ஏதாவது கிடைத்தால் கையில் எடுக்காதீர்கள். காரில் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கும் போகவேண்டாம். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். பார்க்கும் ஆசை இருந்தால் கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகம், போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகம் இரண்டுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

"அப்படியானால் அந்தக் காலத்து நினைவாக நான் எதைத்தான் சேர்ப்பது?" என்று தம்பி கொஞ்சம் கோபமாகவே கேட்டார். 1948ல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்களே, அது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள் என்றேன். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் பாட்டியின் அட்டை. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை.