கிரீம் பூசுவதற்கு முன் யாரைக் கேட்பது?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



முகப்பரு வந்தாலும் படை வந்தாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று முதலில் கேட்பது சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத்தான். வெளியில் சொல்ல வெட்கப்படுவதையும் அங்கே கேட்டுவிடலாம். மருத்துவருக்கான செலவும் இல்லை. இதை நாம் குறை சொல்லவில்லை. கிரீம் உறையில் உள்ள பெயர்களுக்கு என்ன பொருள் என்று கேட்டால் தமிழிலேயே விளக்குகிறது. அது நல்ல உதவி.

ஆனால் அது படத்தைத்தான் பார்க்கும். தோலைத் தொட்டுப் பார்க்காது. வெளிறிய ஒரு திட்டைப் பார்த்து, 'தேமல்' என்று சொல்லிவிடலாம். மருத்துவரோ அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். உணர்ச்சி இல்லாவிட்டால் அது தொழுநோயாக இருக்கக்கூடும். அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுவதும் குணமாகும். காலம் கடத்தினால் கை கால் ஊனமாகிவிடக்கூடும்.

படர்தாமரைக்குச் சிலர் ஸ்டீராய்டு கிரீம் பூசுகிறார்கள். உறையில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று இருக்கும். அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். அதையே நிறத்துக்காக முகத்தில் பல வாரம் பூசினால் தோல் மெலிந்து சிவந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிகப்பழகு கிரீம் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-இல் மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். காரணமாகச் சொல்லப்பட்டது கிரீமில் கலந்திருந்த பாதரசம். இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றின் உறையில் பாதரசத்தின் பெயரே இருப்பதில்லை. எழுதாததை எந்தச் செயலி படித்துச் சொல்லும்?

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் பெண்ணின் நிறத்தைப் பற்றி வீடுகளில் எழும் பேச்சுதான் பிள்ளைகளை இந்தக் கிரீம்களிடம் அனுப்புகிறது. பெரியவர்கள் அதை நிறுத்தினாலே பாதி ஆபத்து விலகும்.

ஆகவே, செயலியிடம் விளக்கம் கேளுங்கள். ஆனால் அதன் சொல்லை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். கர்ப்பிணிகள் எந்தப் பருக் கிரீமையும் மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம். பெண்பிள்ளைகளின் முகப் படங்களை அதற்கு அனுப்ப வேண்டாம். அனுப்பிய படம் பிறகு நம் கையில் இல்லை. இரண்டு வாரத்தில் ஆறாத எந்தத் தோல் மாற்றத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குத் தனியே போகத் தயங்குபவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். துணைக்கு ஆள் அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.