பாப்பாவைப் பார்க்கப் போகும் அண்ணனுக்கும் அக்காவுக்கும்



நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பற்றிய விளக்கம் தாய்க்கும் தந்தைக்கும் பாட்டிக்கும் கிடைத்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் இரண்டு, மூன்று வயது மூத்த பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. இன்று அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் அடிப்படைச் செய்தி. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 13.4 மில்லியன் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பல வேளைகளில் இதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஆகவே, "இவனைத் தூக்கித் தூக்கித்தான் பாப்பா முன்னாடியே பொறந்திருச்சு" என்று மூத்த பிள்ளையின் காதுபட யாரும் பேசாதீர்கள். சிறு பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும். "குறைமாதம்" என்ற சொல்லில் குறைவது மாதம்தான். குழந்தையிடம் குறை இருப்பதாகப் பொருள் இல்லை.

நம் மாவட்டத்தில் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது. மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, சுங்கை பூலோ போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டியிருக்கும். தாய் நாள்தோறும் அங்கே பால் கொண்டுபோகிறார், அல்லது அங்கேயே தங்குகிறார். வீட்டில் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: நேற்றுவரை பக்கத்தில் படுத்த அம்மா இன்று இல்லை. வருவதாகச் சொன்ன பாப்பாவும் வரவில்லை.

தாயைப் பிரியும் சிறு பிள்ளை என்ன பாடுபடும் என்பதை உலகம் மிகத் தாமதமாகத்தான் கவனித்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். லண்டன் மருத்துவமனை ஒன்றில் 8 நாள் இருந்த 2 வயதுச் சிறுமியை அவர் படம்பிடித்திருந்தார். அந்தக் காலத்தில் பெற்றோர் நினைத்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்க முடியாது. அடம்பிடிக்காமல் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றே பலர் நம்பினார்கள். அந்த அமைதிக்குள் எவ்வளவு ஏக்கம் இருக்கிறது என்பதை அந்தப் படம் காட்டியது. பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் பிரிட்டனில் வெளிவந்த பிளாட் அறிக்கை பரிந்துரைத்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் திடீரெனப் படுக்கையை நனைக்கலாம். விட்டுவிட்ட புட்டிப்பாலை மறுபடி கேட்கலாம். அம்மா வீட்டுக்கு வந்ததும் ஓடிவராமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அது சேட்டை இல்லை, ஏக்கம். அடிக்காதீர்கள். "நீ பெரிய பிள்ளையாச்சே, அழலாமா?" என்றும் கேட்காதீர்கள்.

நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் இரண்டு வார்த்தைகளை இந்தச் சமயத்தில் தவிர்க்க வேண்டும். ஒன்று, "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போடுவார்." அந்த டாக்டரிடம்தான் பாப்பா இருக்கிறது. பாப்பா என்ன தப்பு செய்தது என்று பிள்ளை யோசிக்கும். மற்றொன்று, "பாப்பா வந்தா அம்மா உன்னைக் கவனிக்கமாட்டாங்க." நாம் வேடிக்கையாகச் சொன்னது அதன் கண் முன்னே உண்மையாகிவிட்டதுபோல் தோன்றும்.

வேறு என்ன சொல்லலாம்? உண்மையைச் சிறு சொற்களில் சொல்லுங்கள். "பாப்பா அம்மா வயித்துல இருந்து சீக்கிரமா வந்துட்டா. ரொம்பச் சின்னதா இருக்கா. வளர்றதுக்கு டாக்டரும் மிஸ்ஸியும் உதவி செய்யுறாங்க. நீ ஒண்ணும் செய்யலை. அம்மா பாப்பாவைப் பார்த்துட்டு உன்கிட்ட வருவேன்." இரண்டு வயதுப் பிள்ளைக்கு "நாளைக்கு", "அடுத்த வாரம்" என்பதெல்லாம் விளங்காது. "நீ குளிச்சு, சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவாங்க" என்றால் விளங்கும். சொன்னபடி வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேசுங்கள்.

இனி பாப்பாவைப் பார்க்கப் போவது பற்றி. நம் அரசாங்க மருத்துவமனைகளில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வார்டுக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை. கிருமித் தொற்றிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைகளையும் காக்கவே இந்த விதி. ஆகவே, பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் வாசலில் நின்று ஏமாறாதீர்கள். வார்டின் தலைமைத் தாதியிடம் முன்கூட்டியே கேளுங்கள்: "மூத்த பிள்ளை பார்க்க வழி உண்டா? கண்ணாடி வழியாகக் காட்டலாமா? காணொளி அழைப்பில் காட்டலாமா?" மூன்றுக்கும் இல்லை என்றால் ஒரு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். படத்தில் பார்த்தாலும் பிள்ளைக்கு அது சந்திப்புதான்.

அனுமதி கிடைத்தால், போவதற்கு முதல் நாளே படத்தைக் காட்டி விளக்குங்கள். "இந்தக் கண்ணாடிப் பெட்டி பாப்பாவை வெதுவெதுப்பா வச்சிருக்கும். இந்தக் குழாய் வழியா பால் போகும். இது மூச்சுவிட உதவி செய்யும்." பாப்பா ஏன் சிவப்பாக, வேறு மாதிரி இருக்கிறது என்று பிள்ளை கேட்கலாம். புக்கிட் மெலாவத்தியில் பார்த்த குரங்குகளை நினைவுபடுத்துங்கள். அங்கே சாம்பல் நிறத் தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி இருக்கும். சில மாதங்களில் அதுவும் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். கருவிகளில் மினுக்கும் விளக்குகளைக் கம்போங் குவாந்தான் மின்மினிகளோடு ஒப்பிடலாம். தெரிந்த ஒன்றைச் சொன்னால் பயம் குறையும்.

புறப்படுவதற்கு முன் பிள்ளையின் உடல்நிலையைப் பாருங்கள். காய்ச்சல், இருமல், மூக்கில் நீர் ஒழுகுதல், வயிற்றுப்போக்கு, கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வாய்ப்புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நமக்குச் சாதாரணச் சளியாகத் தெரிவது குறைமாதக் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். கடந்த 21 நாளில் சின்னம்மை கண்டவரோடு பிள்ளை பழகியிருந்தால் தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசிகளும் முடிந்திருக்க வேண்டும். 9, 12 மாதங்களில் தட்டம்மைக்கான ஊசியும், 18 மாதத்தில் கக்குவானையும் தடுக்கும் கூடுதல் ஊசியும் போட்டாயிற்றா என்று சுகாதாரப் பதிவேட்டில் பாருங்கள்.

பிள்ளை சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, பிள்ளையும் பெரியவர்களும் சவர்க்காரம் போட்டுக் குறைந்தது 20 வினாடி கை கழுவுங்கள். பிள்ளைக்கென்று ஒருவர், அப்பாவோ பாட்டியோ, தனியாக இருக்கட்டும். பிள்ளை "போதும்" என்றால் அவர் உடனே வெளியே அழைத்துச் செல்வார். ஐந்து நிமிடம் போதும். தொடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தாதி அனுமதித்து, பிள்ளையும் விரும்பினால், பாதத்தை மட்டும் மெல்லத் தொடட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம். பிள்ளை கிறுக்கிய ஓவியத்தைப் பெட்டியருகே ஒட்டலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். கண்ணேறு கழிக்க நினைக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. மை, கறுப்புக் கயிறு, வசம்பு எதுவும் வேண்டாம்.

தாய் இரண்டு பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்க ஒரு வழி உண்டு. குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோத்தா நகரில் தொடங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைப் பரிந்துரைக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி. இதைத் தந்தையும் செய்யலாம். மருத்துவர் அனுமதித்தால் அப்பா அங்கே பாப்பாவை அணைத்திருக்கட்டும். அந்த நேரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து மூத்த பிள்ளைக்கு ஒரு வேளை சோறு ஊட்டட்டும்.

சொல்லக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அப்போதும் மூத்த பிள்ளையிடம் "பாப்பா தூங்கிட்டா" என்று சொல்லாதீர்கள். பிறகு அது தூங்கவே பயப்படும். "பாப்பா செத்துப்போயிட்டா. அவ உடம்பு வேலை செய்யலை. இனி வரமாட்டா. நமக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. நீ காரணமில்லை" என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். உங்கள் கண்ணீரைப் பிள்ளை பார்க்கலாம், தவறில்லை.

பாப்பா வீடு திரும்பிய பிறகும் கை கழுவும் பழக்கம் தொடரட்டும். மூத்த பிள்ளையின் ஏக்கம் பல வாரம் நீடித்தாலோ, அது சாப்பிடாமல், விளையாடாமல் ஒதுங்கினாலோ சுகாதாரக் கிளினிக்கில் பாப்பாவைக் காட்டப் போகும் அதே நாளில் மூத்த பிள்ளையையும் காட்டுங்கள். "இவனும் சரியா சாப்பிடுறதில்லை, மிஸ்ஸி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைக் கேட்கவும் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.