ஒரு மணல் பள்ளத்தின் பெயர் ஆலிசன்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்னைக்கு விடியக்காலையிலேயே எழுந்து, வாழ்க்கையில முதல் தடவையா கோல்ஃப் பார்த்த ஆளுங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், கடைசி ரவுண்டு. உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்த பெங்களூரு பொண்ணு அதிதி அசோக், மூணு ரவுண்டு முடிவில் ரெண்டாவது இடத்தில் நின்னாங்க. பையைத் தூக்கிக்கிட்டு கூடவே நடந்தது அவங்க அம்மா. கடைசி ஹோலில் பர்டிக்காக அடிச்ச பந்து உள்ளே போகல. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பதக்கம் போச்சு. நாலாவது இடம்.

அன்னைக்கு நாம எல்லாரும் அதிதியைப் பார்த்தோம். இன்னைக்கு அவங்க காலடியில் இருந்த மைதானத்தைப் பத்திப் பேசலாம்.

அது டோக்கியோவுக்குப் பக்கத்தில், சைதாமாவில் இருக்கிற கசுமிகசேகி கன்ட்ரி கிளப்பின் கிழக்கு மைதானம். 1929ல் ஃபுஜிதா கின்யா என்பவர் அமைத்தது. அடுத்த சில வருஷத்துக்குள்ளேயே ஒரு இங்கிலாந்துக்காரர் வந்து அதைத் திருத்தி, ஆழமான மணல் பள்ளங்களை, அதாவது பங்கர்களை, வெட்டச் சொன்னார். அவர் பேர் சார்லஸ் ஹியூ ஆலிசன். அந்த மாதிரி ஆழமான, செங்குத்தான பங்கரை ஜப்பான்ல இன்னைக்கும் 'ஆலிசன்'னுதான் சொல்றாங்க. ஒரு மனுஷன் பேர் ஒரு பள்ளத்தோட பேராவே ஆகிடுச்சு.

யார் இந்த ஆலிசன்? 1883ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிச்சார். நல்லா கிரிக்கெட் ஆடுவார். சாமர்செட் கவுண்டிக்காகச் சில முதல்தர ஆட்டங்கள் ஆடியிருக்கார். கோல்ஃபும் ஆடுவார். 1903ல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சேர்ந்த ஒரு கோல்ஃப் அணி அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போச்சு. அதில் வயசு குறைஞ்ச ஆள் இவர்தான்.

அவரைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. வோக்கிங் என்ற ஊரில் ஒரு மேட்ச். கடைசி ஹோலில் பந்து கிளப் கட்டடத்தோட கூரை மேல போய் உட்கார்ந்துடுச்சு. நம்ம தெருன்னா மாடி வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டிருப்போம். இவர் ஏணி வெச்சு மேல ஏறி, கூரையில் நின்னுக்கிட்டே பந்தை கிரீனுக்கு அடிச்சு, அந்த ஹோலைச் சமன் பண்ணிட்டாராம்.

ஆனா ஒண்ணு. இவ்வளவு திறமை இருந்தும் எந்த ஆட்டத்திலும் அவர் உச்சத்துக்குப் போகல. அமெச்சூராகவே இருந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அமெச்சூர் என்றால் 'கத்துக்குட்டி' என்று அர்த்தம் இல்லை. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காத, பெரும்பாலும் வசதியான குடும்பத்து ஆள். காசுக்கு ஆடுற புரொஃபஷனலை நிறைய கிளப்புகள் கட்டடத்துக்குள்ளேயே விடாது. அந்தக் கதவு ஆலிசனுக்குத் திறந்தே இருந்தது. இதை மறைச்சுட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

அப்புறம் ஸ்டோக் போஜஸ் என்ற புது கிளப்பில் செக்ரட்டரி வேலை. 1964ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் கோல்ஃப் ஆடுவாரே, அந்த இடம்தான். அந்த மைதானத்தை வடிவமைத்தவர் ஹாரி கோல்ட். வக்கீலா இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர்கிட்டதான் ஆலிசன் தொழில் கத்துக்கிட்டார். பின்னாடி அவங்களோட கூட்டாளியா இருந்த இன்னொருத்தர் ஒரு டாக்டர், அலிஸ்டர் மெக்கன்சி. பாபி ஜோன்ஸோட சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை வடிவமைச்சது அவர்தான். ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு கிரிக்கெட்டர். மூணு பேருமே வேற எங்கேயோ ஆரம்பிச்சு இங்கே வந்து சேர்ந்தவங்க.

இவங்க வடிவமைப்புல என்ன விசேஷம்? பங்கர் என்பது தப்பா அடிச்சவனுக்குத் தண்டனை கொடுக்க மட்டும் இல்லை. அது ஒரு கேள்வி. 'இந்தப் பக்கம் பள்ளத்தைத் தாண்டி அடிச்சா அடுத்த ஷாட் சுலபம், தைரியம் இருக்கா? இல்லைன்னா அந்தப் பக்கம் சுத்திப் போ, ஒரு ஸ்ட்ரோக் கூடப் போகலாம்.' முடிவு ஆடுறவங்க கையில். பந்தை நெட்டையா அடிக்கிறவனுக்கு மட்டுமில்லாம, யோசிச்சு ஆடுறவங்களுக்கும் அதில் ஒரு வழி இருக்கும். பல ஷாட்டுகளைத் தவறவிட்ட ஒருத்தருக்குத்தான், ஆடுறவங்க மனசு எந்த இடத்தில் தடுமாறும்னு தெரியும் என்று எனக்குத் தோணுது.

1930 டிசம்பரில் அவர் ஜப்பான் போய் இறங்கினார். தங்கினது சில மாசம்தான். அதுக்குள்ள டோக்கியோ கிளப்பின் அசாகா மைதானம், கோபே பக்கத்தில் ஹிரோனோ, கடலோரத்தில் கவானா என்று வரிசையா வரைஞ்சு கொடுத்துட்டுக் கிளம்பிட்டார். அப்புறம் போர் வந்துச்சு. அசாகா ராணுவத்துக்குப் போய், மைதானமே இல்லாம ஆச்சு. ஹிரோனோ விமான தளமாச்சு, பிறகு மீட்டாங்க. 1952ல் ஆலிசன் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். அஞ்சு வருஷம் கழிச்சு, 1957ல், கசுமிகசேகியில் கனடா கோப்பை நடந்துச்சு. ஜப்பான் வீரர்கள் ஜெயிச்சாங்க. அந்த நாட்டில் கோல்ஃப் பைத்தியம் பிடிச்சது அதுக்கப்புறம்தான்.

இப்போ திரும்ப அதிதிகிட்ட வருவோம். ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி டாம் ஃபாசியோவும் அவர் மகன் லோகனும் அந்த மைதானத்தை நிறைய மாத்திட்டாங்க. அதனால அதிதி ஆடினது அப்படியே ஆலிசனோட மைதானம்னு சொல்ல முடியாது. ஆனா மண்ணைவிட முக்கியமான ஒரு மாற்றம் 2017ல் நடந்துச்சு. அதுவரைக்கும் கசுமிகசேகியில் பெண்கள் முழு உறுப்பினர் ஆக முடியாது. ஒலிம்பிக்ஸ் நெருங்கி, வெளியிலிருந்து அழுத்தம் வந்த பிறகுதான் விதியை மாத்தினாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஆலிசன் வெட்டின பள்ளம் ஆண் யாரு, பெண் யாரு, பணக்காரன் யாருன்னு பார்க்காது. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். பாகுபாடு பார்த்தது வாசல் கேட்டுதான். அந்தக் கேட்டு திறந்து நாலே வருஷத்தில், நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, அம்மாவைக் கூட்டிக்கிட்டு அதுக்குள்ள நடந்து போய், கடைசி ஹோல் வரைக்கும் உலகத்தையே முழிக்க வெச்சா.