வேர்வையா, வியர்வையா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் படித்தவன் மேடை ஏறினால் இலக்கியம் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் வேர்வையைப் பற்றிப் பேசப் போகிறேன். மேலே ஃபேன் சுத்துற வேகத்தைப் பார்த்தா இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் ‘வியர்க்கிறது’ இல்லை. சின்னமனூர் வயலில் நாற்று நடுகிறவருக்கும், கூடலூர் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து குலை அறுக்கிறவருக்கும் ‘வேர்த்து ஊத்துது’. அவர் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. கறி வேகிற நேரம் பார்த்து வருகிற மச்சானுக்கு ‘மூக்குல வேர்த்திருச்சு’. ஆனால் அந்தப் பிள்ளை கட்டுரையில் ‘வேர்வை’ என்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு கோடு. கொச்சையாம்!

திருக்குறளைப் புரட்டிப் பாருங்கள். காலமறிதல் அதிகாரத்தில் 487-ஆம் குறள். பகைவர் தீங்கு செய்தால் அறிவுடையவர் உடனே வெளியில் சினம் காட்டமாட்டார். காலம் பார்த்து உள்ளுக்குள் வைத்திருப்பார். அந்தச் சினத்துக்கு வள்ளுவர் போட்ட வினைச்சொல் ‘வேர்’. (கோபம் வந்தா நமக்கும் வேர்க்கத்தானே செய்யுது?) காமத்துப்பாலில், 1328-இல், நெற்றி வியர்ப்பதைச் சொல்லும்போது ‘வெயர்’ என்கிறார். ‘பெயர்’ எப்படிப் ‘பேர்’ ஆனதோ, அப்படியே ‘வெயர்’ ‘வேர்’ ஆயிற்று. பேர் என்று எழுதுகிறவனை நாம் அவ்வளவாகத் திட்டுவதில்லை.

குமுளி ஏறிவிட்டால் மலையாளத்தில் ‘வியர்ப்பு’. கம்பம் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் உண்டே, அந்தக் கன்னடத்தில் ‘பெவரு’. எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான்.

வியர்வை தப்பு என்று நான் சொல்லவில்லை. மேடையில் ‘வியர்வை சிந்தி’ என்றால் ஒரு கம்பீரம் வருகிறது. ஆனால் விடிகாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற எந்த அக்காவும் ‘நான் வியர்வை சிந்துகிறேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘வேலை செஞ்சா வேர்க்கும்ல?’ அவ்வளவுதான். அவர் மகள் அந்தச் சொல்லை எழுதி, கோடு வாங்கி, அம்மா பேசுவது தமிழே இல்லை என்று நினைக்கத் தொடங்குகிறாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு அவள் பரீட்சைக்கு மட்டும்தான் எழுதுவாள்.

நம்மில் ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள், அடுத்த முறை கோடு போடுமுன் 487-ஐ ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மணி நெருங்கிருச்சு. சிலருக்கு இந்நேரம் மூக்குல வேர்த்திருக்கும்.