கோலமும் கட்டளையும்



கப்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் நாள்தோறும் கோலம் மலர்கின்றது. மார்கழியில் அது வாசலை அடைத்து விரியும். மற்ற நாட்களில் சிறிதாய் ஒடுங்கும். அளவு மாறினும் வடிவம் மாறுவதில்லை. ஏன்? கோலமிடுபவர் மாவுத் துகள்களையா நினைவில் வைத்திருக்கிறார்? இத்தனை புள்ளி, இப்புள்ளியைச் சுற்றி இப்படி இழை என்னும் முறையை அன்றோ வைத்திருக்கிறார்! அம்முறைக்கும் கணித வழியில் இலக்கணம் வகுக்கலாம் என்பதைக் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர்.

கணிப்பொறிப் படங்களும் இருவகை. நிறப்புள்ளிகளை அடுக்கிய படம் ஒன்று. பெரிதாக்கினால் அது மங்கும். கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகின்றது என்னும் குறிப்பையே சேமித்து வைக்கும் வெக்டர் படம் மற்றொன்று, அது மங்குவதில்லை. 2001-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட எஸ்.வி.ஜி. இவ்வகையினது.

என் பழைய மாணவர் ஒருவர் குழந்தைகள் எழுத்துப் பழகுவதற்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றை அமைத்தார். தமிழெழுத்துகள் 247. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரைநெருக்கம் வேறுபடுதலின், 48 அலகுப் படம் ஒன்றைப் புள்ளிப்படமாகத் தருவதாயின் 48, 72, 96, 144, 192 என ஐந்து அளவுகளில் தரவேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 1,235 படங்கள்! ஆனால், 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு தனக்குரிய வெக்டர் வடிவத்தையும் ஏற்கின்றது. ஆகவே எழுத்துக்கு ஒரு கோப்பே போதும்.

எஸ்.வி.ஜி. கோப்புகளை அவ்வடிவத்திற்கு மாற்ற, ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டுவதில்லை. கட்டளை வரியில், ‘இவ்வுறையிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் மாற்றுக’ என ஓர் ஆணை எழுதினால் கணிப்பொறி செய்து முடிக்கும். அவரும் அவ்வாறே செய்தார்.

செயலியைத் திறந்தோம். சட்டம் இருந்தது, ஓரத்துப் பூ இருந்தது, நடுவே எழுத்து இல்லை! 247 கட்டங்களும் வெறுமை.

காரணம் எளியது. எஸ்.வி.ஜி. கோப்பில் ‘கொ’ என்னும் எழுத்தும் எழுத்துருவின் பெயருமே இருந்தன. எழுத்தின் வளைவுகள் எழுத்துருவினுள் இருந்தன. ஆண்ட்ராய்டின் வெக்டர் வடிவமோ கோடுகளை அறியும். எழுத்தை எழுத்தாக அறியாது. மாற்றும் கருவி தான் அறியாததை விட்டுவிட்டது.

இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளைக் கட்டளை வரியிலிருந்தே இயக்கி, எழுத்துகளை முதலில் கோடுகளாக்கினோம். பின்னர் வடிவம் மாற்றினோம். இதனைத் தமிழ் எழுத்துரு உள்ள கணிப்பொறியில் செய்தல் வேண்டும். இல்லையேல் வெற்றுக் கட்டங்களே கோடுகளாகிவிடும். கோடான எழுத்தைப் பின்னர் எழுத்தாகத் திருத்த இயலாது. ஆதலின் மூலக் கோப்பைத் தனியே காத்தல் வேண்டும்.

மாணவர்களே, கட்டளை உழைப்பைக் குறைக்கும்; பிழையையும் அதே விரைவில் 247 மடங்காகப் பெருக்கும். எனவே, முதலில் ஒரு கோப்பை மட்டும் மாற்றுங்கள். ‘கொ’ போன்ற, கொம்பும் காலும் உடைய எழுத்தாக அது இருக்கட்டும். கைப்பேசியில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அதன் பின்னரே எல்லாவற்றிற்கும் ஆணையிடுங்கள். ஏனெனில், அத்திரையைப் பார்த்து எழுதப் பழகும் குழந்தைக்கு, அது சரியா தவறா என்று சொல்லத் தெரியாது.